ஒத்திகைக் கூடத்தில் பிறந்த தீர்ப்பு

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகிற வழக்கறிஞர்கள் இன்று ஒரு காரியத்தை முடிக்காமல் பெரும்பாலும் அந்தப் படிகளில் ஏறுவதில்லை. சில நாட்கள் முன்னதாக ஏதாவது ஒரு சட்டப் பள்ளிக்குப் போகிறார்கள். பேராசிரியர்களும் அனுபவம் மிக்க வழக்கறிஞர்களும் அங்கே நீதிபதிகளாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன் முழு வாதத்தையும் ஒருமுறை நடத்திப் பார்க்கிறார்கள். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இதற்கென்றே ஓர் அமைப்பை வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் வாதத்துக்கு வரும் வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு தரப்பு வழியாக அந்தக் கூடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகின்றன. மாணவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அதே வாஷிங்டனில், பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இன்னொரு சட்டப் பள்ளியில் இந்த ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அது ஹோவர்ட் பல்கலைக்கழகம். ஹார்வர்ட் அல்ல, ஹோவர்ட். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளை அறுந்த மக்களுக்காக 1867ல் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே ஒத்திகை பார்க்க வந்தவர்களிடம் பணம் இல்லை, பெரிய அலுவலகம் இல்லை, நகரத்தின் நல்ல உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமைகூட இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூடமும் அதில் படித்த பிள்ளைகளும்தான்.

1952 டிசம்பர் 9 முதல் 11 வரை உச்ச நீதிமன்றத்தில் ஐந்து வழக்குகள் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. கான்சாஸ், தென் கரோலினா, விர்ஜினியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் என ஐந்து இடங்களில் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்குகள் அவை. எங்கள் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் அடைத்து வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்பதுதான் அவர்கள் முறையீடு. வரலாறு இவற்றை 'பிரவுன்' வழக்கு என்ற ஒற்றைப் பெயரில் அறியும். கான்சாஸுக்காக எழுந்தவர் ராபர்ட் கார்ட்டர், தென் கரோலினாவுக்காக தர்குட் மார்ஷல், விர்ஜினியாவுக்காக ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன், தலைநகருக்காக ஜேம்ஸ் நாப்ரிட்டும் ஜார்ஜ் ஹேய்ஸும். ஐந்தில் நான்கு வழக்குகளை வாதிட்டவர்கள் ஹோவர்டில் படித்தவர்கள் அல்லது அங்கே பாடம் நடத்தியவர்கள். இதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அந்தப் பள்ளியின் அன்றாட வாழ்க்கையே இதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது.

அதன் தொடக்கம் எளிமையானது. 1869 ஜனவரியில் சட்டத் துறை தொடங்கியபோது ஜான் மெர்சர் லாங்ஸ்டன் அதை வழிநடத்தினார். 1872ல் அங்கே பட்டம் பெற்ற ஷார்லட் ரே, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர். அதன்பின் நெடுங்காலம் அது மாலைக் கல்லூரியாக இருந்தது. பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, மாலையில் சட்டம். பாடம் நடத்தியவர்களும் பகலில் கோர்ட்டுக்குப் போய்விட்டு மாலையில் வருபவர்கள். அப்படி எழுத்தராக இருந்துகொண்டே படித்துப் பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் வில்லியம் ஹூஸ்டன். அவருடைய ஒரே மகன்தான் அந்த மாலைக் கல்லூரியை மூடினார்.

மகன் பெயர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1895ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் போனவர், அங்கே எதிரியைவிடத் தன் நாட்டு வெள்ளைச் சிப்பாய்களிடம் அதிக அவமானம் பட்டவர். இனி என் மக்களுக்காக ஒரு சட்டப் புத்தகத்தின் துணையோடு போராடுவேன் என்று முடிவெடுத்து ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அதன் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1924ல் ஹோவர்டில் பாடம் நடத்த வந்தார். 1929ல் துணை டீன். பதவிப் பெயர் துணை என்றாலும் பள்ளியை நடத்தியது அவர்தான்.

அப்போது ஹோவர்டின் தலைவர் மொர்டகாய் ஜான்சன், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் தம்மிடம் மனம்விட்டுச் சொன்ன ஒரு செய்தியை ஜான்சன் பின்னாளில் பகிர்ந்திருக்கிறார். எழுத்துமூல வாதங்களைப் படிக்கும்போதே எது கறுப்பின வழக்கறிஞர் தயாரித்தது என்று தெரிந்துவிடுகிறது, அவ்வளவு பலவீனமாக இருக்கின்றன, முழுநேரச் சட்டப் பள்ளி ஒன்றை உருவாக்குங்கள் என்பதே அது. கேட்கக் கசப்பான ஆலோசனைதான். ஜான்சன் அதை விழுங்கிக்கொண்டு ஹூஸ்டனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1930ன் அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் சுமார் 1,60,000 பேர். கறுப்பினத்தவர் ஆயிரத்துச் சொச்சம்தான். இந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் ஒரு சட்டப் படையைத் திரட்ட வேண்டியிருந்தது.

மாலை வகுப்புகளை நிறுத்தியபோது முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. வேலைக்குப் போனால்தான் சாப்பாடு என்ற நிலையில் இருப்பவனுக்குப் பகல் கல்லூரி என்பது மூடிய கதவு. ஹூஸ்டன் தன் தந்தை நுழைந்த வாசலையே அடைத்தார். என்னைக் கேட்டால், அவர் செய்தது தவிர்க்க முடியாத காரியம் என்பேன். அதற்கு விலை கொடுத்தவர்களை மறக்காமல்தான் அதைச் சொல்ல வேண்டும். 1931க்குள் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஒப்புதலும் சட்டப் பள்ளிகள் சங்கத்தின் உறுப்புரிமையும் ஹோவர்டுக்குக் கிடைத்துவிட்டன.

பள்ளி அப்போது பல்கலைக்கழக வளாகத்தில் இல்லை. நகரின் நீதிமன்றங்களுக்கு அருகே, ஐந்தாம் தெருவில், ஒரு வரிசை வீட்டில் இருந்தது. முதலாண்டு மாணவர்களை ஹூஸ்டன் வரவேற்ற விதத்தைத் தர்குட் மார்ஷல் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் வலப்பக்கம் இருப்பவனைப் பார், இடப்பக்கம் இருப்பவனைப் பார், அடுத்த ஆண்டு அவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள் என்பதுதான் வரவேற்பு. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'இரும்புச் செருப்பு'. வெள்ளை வழக்கறிஞனுக்குச் சமமாக இருந்தால் போதாது, அவனைவிட மேலாக இருந்தால்தான் கோர்ட்டில் உன் வாய் திறக்கும் என்று அவர் ஓயாமல் சொன்னார். சமூகத்தைத் திருத்தியமைக்கும் பொறியாளனாக இல்லாத வழக்கறிஞன் சமூகத்தின் மேல் தொற்றி வாழும் ஒட்டுண்ணி என்பது அவர் கருத்து. இதில் நடுவழி ஏதும் அவருக்குக் கிடையாது.

கண்டிப்பு மட்டும் என்றால் ஹூஸ்டனை இவ்வளவு தூரம் யாரும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர் பள்ளியின் சுவர்களை உடைத்தார். மாணவர்களைக் கோர்ட்டுக்கும் சிறைக்கும் மனநல மருத்துவமனைக்கும் அழைத்துப் போனார். நடப்பு வழக்குகளுக்கான ஆராய்ச்சியில் அவர்களை இறக்கிவிட்டார். ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் டீன் ராஸ்கோ பவுண்ட் வந்து பேசினார். நாட்டின் மிகப் பெரிய குற்றவியல் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வந்து பேசினார். தலைநகரின் வழக்கறிஞர் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. கோர்ட் கட்டடத்திலிருந்த சங்க நூலகத்தின் கதவும் அவர்களுக்குத் திறக்காது. ஆகவே பள்ளியின் சொந்த நூலகம்தான் அந்த ஊரின் கறுப்பின வழக்கறிஞர்கள் பலருக்கும் ஆதாரம். படிக்கும் மாணவனும் வாதாடும் வழக்கறிஞரும் ஒரே மேசையில் ஒரே தீர்ப்புத் தொகுதியைப் புரட்டினார்கள். வசதிக் குறைவால் நேர்ந்த இந்த நெருக்கத்தை வசதியுள்ள பள்ளிகள் இன்றும் ஏற்படுத்த முயன்றுகொண்டிருக்கின்றன.

மார்ஷல் பால்டிமோர்காரர். உள்ளூரிலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இருந்தது, ஆனால் அது கறுப்பினத்தவரைச் சேர்க்காது. எனவே 1930லிருந்து விடியலில் எழுந்து ரயிலேறி வாஷிங்டனுக்கு வந்துபோனார். பணம் கட்டத் தாய் நார்மா தன் கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். நூலக உதவியாளர் வேலை கிடைத்தபின் மார்ஷல் இரவு வரை அங்கேயே இருந்தார். 1933ல் வகுப்பில் முதலிடம் அவருக்கு, இரண்டாமிடம் ஆலிவர் ஹில்லுக்கு. ஹில் பின்னாளில் விர்ஜினியா வழக்கைச் சுமந்தவர்களில் ஒருவர். பட்டம் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே மார்ஷல், தன் ஆசானோடு சேர்ந்து, டொனால்டு கெய்ன்ஸ் மரே என்ற மாணவருக்காக அதே மேரிலாண்ட் சட்டப் பள்ளி மீது வழக்குத் தொடுத்தார். 1935ல் கீழ் நீதிமன்றத்திலும் 1936ல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். தன்னை உள்ளே விடாத பள்ளியின் கதவை இன்னொருவனுக்காகத் திறந்துவைத்தார் மார்ஷல்.

1938ல் ஜேம்ஸ் நாப்ரிட் குடிமை உரிமைச் சட்டங்களுக்கென்றே தனிப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் அப்படி ஒரு பாடம் அதற்குமுன் கிடையாது. இங்கிருந்துதான் ஒத்திகைகளின் காலம் வலுப்பெறுகிறது. உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்கு வரப்போகிறதென்றால் வழக்கறிஞர்கள் ஹோவர்டுக்கு வந்துவிடுவார்கள். பேராசிரியர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். இந்த நீதிபதி இப்படித்தான் குறுக்கிடுவார், அந்த நீதிபதி முன்தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவார் என்று அவரவர் குணத்தை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். மாணவர்கள் கூடத்தை நிறைத்திருப்பார்கள். அவர்களும் கேள்வி கேட்பார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு இந்தப் பள்ளியின் உயிர் தெரிகிறது. நம் ஊர் மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றத்தில் மாணவர் வாதாடுவார், பெரியவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஹோவர்டில் திசை நேர் எதிர். நாட்டிலேயே மிக முக்கியமான வழக்கைக் கையில் வைத்திருக்கும் சீனியர், முந்தைய மாதம்தான் ஒப்பந்தச் சட்டம் படிக்க ஆரம்பித்த பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தக் கேள்வியோடு விடியும்வரை உட்கார வேண்டும். நிஜக் கோர்ட்டில் தடுமாறினால் போவது வழக்கறிஞரின் பெயர் மட்டுமல்ல, ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடம் என்று அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். எனவே யாரும் மரியாதைக்காகக் கேள்வியை மென்மையாக்கவில்லை.

1948 ஜனவரியில் குடியிருப்பு வழக்குகள் வந்தன. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கமாட்டோம் என்று அக்கம்பக்கத்தார் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தலாமா என்பது கேள்வி. ஒன்பது நீதிபதிகளில் மூவர் விலகிக்கொள்ள, மீதி அறுவரும் மே மாதம் ஒருமனதாக, அமல்படுத்தக்கூடாது என்றார்கள். அதில் வாஷிங்டன் நகர வழக்கை வாதாடியவர் ஹூஸ்டனேதான். அடுத்து 1950ல், கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்த டெக்சாஸ் சட்டப் பள்ளி மீதான வழக்கு. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் அடுத்த ஒத்திகை கடினமானது.

சட்டப் பள்ளி மட்டும் தனியாக இதைச் செய்யவில்லை. பல்கலைக்கழகத்தின் மற்றத் துறைகளில் சமூகவியலாளர் ஃபிராங்ளின் ஃபிரேசியர், வரலாற்றாசிரியர் ரேஃபோர்டு லோகன், அரசியல் அறிஞர் ரால்ஃப் பன்ச் எனப் பெரும் ஆட்கள் இருந்தார்கள். மற்றப் பல்கலைக்கழகங்கள் வேலை தராத காரணத்தால் ஒரே வளாகத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். 1953ல் உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் மறுவாதம் கேட்டு, எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதிசெய்யும் பதினான்காம் திருத்தத்தை இயற்றியவர்களின் நோக்கம் என்ன என்று கேள்வி எழுப்பியது. அப்போது ஹோவர்டில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த ஜான் ஹோப் ஃபிராங்ளின் பாடம் முடிந்ததும் நியூயார்க்குக்கு ரயிலேறிப்போய் வழக்கறிஞர்களுக்காக ஆவணங்களைத் தோண்டினார்.

இந்த வளாகத்துக்கு நம் பக்கத்தோடு ஓர் இழை உண்டு. ஹோவர்டின் சமயவியலாளர் ஹோவர்டு தர்மன் 1935 இறுதியில் ஒரு நல்லெண்ணக் குழுவோடு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பில் சட்டக் கல்லூரியில் அவர் பேசினார். பேச்சின் பொருள், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மீதுள்ள சட்டத் தடைகள். பேச்சு முடிந்ததும் கல்லூரி முதல்வர் அவரைக் காப்பிக்கு அழைத்து, உங்களை அடிமைகளாக்கியவர்களின் மதத்தை ஏந்திக்கொண்டு நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி தர்மனை விடவில்லை. 1949ல் அவர் வெளியிட்ட நூலுக்கு அதுவே தொடக்கமாக அமைந்தது. 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியைச் சந்தித்துத் திரும்பிய அவர், அகிம்சை பற்றிய உரையாடலை ஹோவர்டின் வழிபாட்டு மன்றத்தில் உயிரோடு வைத்திருந்தார்.

அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களில் ஒருவர் பாலி மரே. 1941ல் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். முதல் நாளே ஒரு பேராசிரியர், பெண்கள் ஏன் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தமக்குப் புரியவில்லை என்றார். வகுப்பு சிரித்தது. இன்னொரு நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு அழைப்பு: முதலாண்டு ஆண் மாணவர்கள் அனைவரும் ஒரு பேராசிரியரின் வீட்டு விருந்துக்கு வரலாம். நிறப் பிரிவினையை வேரறுக்கப் பிறந்த பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமான விருந்து. மரே அந்த அநீதிக்கு 'ஜேன் குரோ' என்று பெயர் வைத்தார். தெற்கின் நிறப் பிரிவினையை 'ஜிம் குரோ' என்பார்கள், அதன் பெண் வடிவம் இது. ஹோவர்டைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது.

மரே சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணலால் ஸ்ரீதராணி காந்தியின் வழிமுறை பற்றி எழுதிய புத்தகத்தை ஊன்றிப் படித்தவர் அவர். 1943 ஏப்ரலில் ஹோவர்ட் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த 'லிட்டில் பேலஸ்' உணவகத்துக்குள் சிறு சிறு குழுவாக நுழைந்தார்கள். பரிமாற மறுத்ததும் காலித் தட்டோடு மேசையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் படிக்கத் தொடங்கினார்கள். வெளியே மற்றவர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். ஆண்களில் பலர் போருக்குப் போயிருந்ததால் முன்னின்றவர்களில் பெரும்பகுதி மாணவிகள். சட்ட ஆலோசகர் மரே. எந்தச் சட்டத்தையும் மீறாமல் எப்படி நடந்துகொள்வது, வசைக்கு எப்படிப் பதில் பேசாமல் இருப்பது என்றெல்லாம் முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார். அதுவும் ஓர் ஒத்திகைதான். சில நாட்களில் அந்த உணவகம் பணிந்தது. 1944 ஏப்ரலில் நகர மையத்திலிருந்த தாம்ப்சன் உணவகத்தில் உட்கார்ந்தார்கள். விற்பனை படுத்துப்போக, பரிமாறச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

இங்கேதான் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. ஹோவர்டுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவது அமெரிக்கக் காங்கிரஸ். அதில் தெற்கத்திய நிறவெறியர்களின் பிடி இறுகியிருந்தது. நிதி போய்விடும் என்ற அச்சத்தில் போராட்டத்தை நிறுத்தச் சொன்னது நிர்வாகம். தாம்ப்சன் மீண்டும் பழைய வழக்கத்துக்குப் போனது. அந்த உணவக நிறுவனத்தின் மீதான வழக்கு 1953 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோதுதான் வாஷிங்டனின் உணவகங்கள் எல்லோருக்கும் திறந்தன. அதாவது 1952 டிசம்பரில் பிரவுன் வழக்கை வாதாட வந்தவர்கள், நீதிமன்றத்தில் சமத்துவம் பேசிவிட்டு வெளியே வந்தால், மதிய உணவுக்கு யூனியன் ரயில் நிலையம் போன்ற சில இடங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

கடைசி ஆண்டுக் கருத்தரங்க வகுப்பில் மரே ஒரு யோசனை சொன்னார். அதுவரை வழக்கறிஞர்கள், 'பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக' என்ற 1896ன் பிளெஸ்ஸி தீர்ப்பை ஏற்றுக்கொண்டே, எங்கே சமம் என்று கேட்டுவந்தார்கள். சமத்தைக் கேட்காதீர்கள், பிரிப்பதையே எதிர்த்து நேராக மோதுங்கள் என்றார் மரே. வகுப்பு மறுபடியும் சிரித்தது. இருபத்தைந்து ஆண்டுக்குள் பிளெஸ்ஸி கவிழும் என்று ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனோடு பத்து டாலர் பந்தயம் கட்டினார். அந்த வாதத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதிக் கொடுத்துவிட்டு, 1944ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். முதலிடம் பெறுகிற ஹோவர்ட் மாணவர் மேற்படிப்புக்கு ஹார்வர்ட் போவது வழக்கம். பெண் என்பதால் ஹார்வர்ட் மறுத்துவிட்டது. மரே கலிபோர்னியாவுக்குப் போனார்.

ஹூஸ்டன் 1950 ஏப்ரலில், 54 வயதில் காலமானார். உடம்பைக் கவனிக்காமல் உழைத்த இதயம் நின்றுவிட்டது. 1954 மே 17ல் உச்ச நீதிமன்றம், பள்ளிகளைப் பொறுத்தவரை 'பிரித்து, சமமாக' என்பதற்கு இடமே இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நேர் மோதல் வென்றது. பந்தயத்தில் மரே வெல்லப் பத்தாண்டுகளே போதுமாயிருந்தன.

தன் கட்டுரைக்கு என்ன நேர்ந்தது என்று மரேவுக்கு நெடுநாள் தெரியாது. 1963ல் ஹோவர்டுக்குப் போனபோது ராபின்சன் அங்கே சட்டப் பள்ளி டீன். பிரவுன் வழக்குக்குத் தயாரானபோது அந்த மாணவக் கட்டுரையை எடுத்துப் படித்ததை அவர் மரேவிடம் சொன்னார். அன்று சிரித்த வகுப்பின் சிரிப்பு அடங்கி, கட்டுரை மட்டும் பள்ளியின் அலமாரியில் காத்திருந்திருக்கிறது. ஒரு கல்வி நிறுவனம் தன் மிகச் சிறந்த மாணவரின் கேள்வியை உரிய நேரத்தில் மதிக்கத் தவறியது. ஆனால் தூக்கி எறியவும் இல்லை. அதற்காக அதற்கு நன்றி சொல்லலாம். மரேவிடம் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தமும் கூடவே வருகிறது.

மார்ஷல் 1967ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். ராபின்சன் 1966ல் தலைநகர மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். நாப்ரிட் ஹோவர்டின் தலைவரானார். சட்டப் பள்ளி 1974ல் வான் நெஸ் தெருவிலிருந்த பழைய கன்னிமாடக் கல்லூரி ஒன்றின் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதன் மூட் கோர்ட் அணி ஹூஸ்டன் பெயரைத் தாங்குகிறது.

மரேயின் 'ஜேன் குரோ' மட்டும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. 1965ல் அவர் சக வழக்கறிஞர் மேரி ஈஸ்ட்வுட்டோடு சேர்ந்து அதே தலைப்பில் ஒரு சட்டக் கட்டுரை எழுதினார். இன அடிப்படையில் பிரிப்பதைத் தகர்த்த பதினான்காம் திருத்தம் பால் அடிப்படையில் பிரிப்பதையும் தகர்க்கும் என்பது வாதம். 1971ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற இளம் பேராசிரியை, ஐடஹோ மாநிலத்தில் இறந்த மகனின் உடைமைகளை நிர்வகிக்கத் தந்தைக்கே முன்னுரிமை என்ற சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுத்துமூல வாதம் தயாரித்தார். அந்த வழக்கில்தான் பெண்ணைப் பெண் என்பதற்காகப் பிரிக்கும் ஒரு சட்டத்தை அந்த நீதிமன்றம் முதன்முறையாக அரசியலமைப்புக்கு முரண் என்று நிராகரித்தது. அந்த ஆவணத்தில் மரே ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் அதன் முகப்பில் வழக்கறிஞர்களின் பெயர் வரிசையில் பெண்ணுரிமைக்காகப் போராடிய டோரதி கென்யன் என்ற பெயரோடு பாலி மரே என்ற பெயரையும் கின்ஸ்பர்க் தம் கையால் சேர்த்தார்.